தொம்மையின் நாக்கும் சந்தியாகு வீட்டு முரட்டு ஒயினும்

சூசையப்பர்பட்டியில் பொய் சொன்னவர்கள் எல்லாரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள். தொம்மை மட்டும் போவதில்லை. ஒரே ஒரு வருஷம் போனார். மூன்றாவது பொய்யிலேயே பங்குச்சாமியார் சிரித்துவிட்டாராம். எட்டாவது பொய்யில், “இது பாவமில்லை தொம்மை, வியாதி. இங்கே வராதே, டாக்டரைப் பார்” என்று அனுப்பிவிட்டாராம். இதை ஊருக்குச் சொன்னதும் தொம்மைதான் என்பதால் இதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் இப்போது நான் சொல்லப்போவதை நம்பலாம். இதில் பொய் சொல்கிறவர் அவர். நான் வெறுமனே எடுத்துச் சொல்கிறவன்.

கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்தை ஒட்டிய ஊர் அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே திராட்சைக் கொடி படர்ந்திருக்கும். பன்னீர் திராட்சை. வருஷா வருஷம் சூசையப்பர் திருவிழா விருந்துக்கு ஒரு குடும்பம் தன் பந்தல் பழத்தில் ஒயின் போட்டுக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு குடும்பத்துக்கு முறை வைத்து வரும். விருந்துக்கானது இரண்டு பெரிய பரணியில். வாயில் துணி கட்டி, மேலே களிமண் பூசி மூடிவிடுவார்கள். அதே சாறு, அதே நாள், ஒரு சின்னப் பரணியிலும் ஊற்றி வைக்கப்படும். அதற்கு ருசிப்பரணி என்று பேர்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும், ஊர் சார்பில் ருசிக்காரர் போய் அந்தச் சின்னப் பரணியிலிருந்து முதல் வாய் குடிப்பார். “தேறுச்சு” என்றால் பெரிய பரணிகளின் களிமண்ணை உடைக்கலாம். “தேறல” என்றால் அந்தக் குடும்பம் இன்னொரு பன்னிரண்டு வருஷம் தலையைக் குனிந்துகொண்டு காத்திருக்க வேண்டும். ருசிக்காரர் வாய் வைக்கும்வரை, ஒயின் போட்ட வீட்டார்கூட விரலை நனைத்து நக்கிப் பார்க்கக் கூடாது. அது முறை.

முப்பத்தொரு வருஷமாக அந்த ருசிக்காரர் தொம்மை.

வருஷத்துக்கு ஒரு நாள் வேலை. சம்பளம் கிடையாது, சால்வை கிடையாது. ஆனால் அந்த ஒரு நாள் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு அவர் வாய் திறக்கக் காத்திருக்கும். மற்ற முந்நூற்றி அறுபத்து நாலு நாளும் எப்படி என்றால், வீட்டில் அவர் பேச ஆரம்பித்ததும் மருமகள் ஜெயராக்கினி மிக்ஸியைப் போடுவாள். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போடுவாள். அதனால் அந்த ஒரு நாள்தான் தொம்மைக்குத் தீபாவளி, கிறிஸ்மஸ், ஈஸ்டர் எல்லாம்.

இந்தத் தை மாசத்தில் தொம்மைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் போனது. போகும்போது அவர் நாக்கின் ருசியையும் மூக்கின் வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது.

முதலில் அவர் நம்பவில்லை. வேப்பங்கொழுந்தை மென்று பார்த்தார். வெற்றிலை மாதிரி இருந்தது. வெற்றிலையை மென்று பார்த்தார். காகிதம் மாதிரி இருந்தது. காகிதத்தைத் தின்று பார்க்கும் தேவை அதற்கப்புறம் எழவில்லை. ஒரு நாள் ஜெயராக்கினி மறந்துபோய் உப்பே போடாமல் குழம்பு வைத்துவிட்டாள். தொம்மை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, “அருமை” என்றார். கல்யாணமாகி வந்த பத்தொன்பது வருஷத்தில் அவர் அவள் சமையலைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவள் பயந்துபோய் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “காய்ச்சல் இன்னும் விடலையா மாமா?”

நாக்கு செத்த விஷயம் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது. முக்கியமாக செபஸ்தியானுக்குத் தெரியக் கூடாது.

செபஸ்தியான் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். தொம்மைக்கு மச்சினன் முறை. முப்பது வருஷமாக, மீசை அரும்பிய பையனை மடியில் உட்கார வைத்து “அஞ்சு வயசுதான் சார்” என்ற தாய்மார்களை முகத்தைப் பார்த்தே பிடித்தவர். அவர் கோபப்பட மாட்டார். மெதுவாக, அன்பாக, “பையன் எத்தனாவது படிக்கிறான்மா?” என்று கேட்பார். தாய் பெருமையோடு “எட்டாவது” என்பாள். அவ்வளவுதான்.

அந்த செபஸ்தியான் பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து சொன்னார்: “தொம்மை மச்சான் நாக்கு எழுவத்திரண்டு வருசத்து நாக்கு. பஸ்ஸுக்கே வருசா வருசம் ஓடத் தகுதியான்னு எஃப்.சி. பாக்குறாக. இந்த நாக்குக்கு ஒரு தடவையாச்சும் எஃப்.சி. பாத்தா என்ன?”

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே தீர்மானமும் போட்டுவிட்டது. இந்த வருஷம் தொம்மை குடித்து முடித்ததும் செபஸ்தியானும் குடித்துப் பார்க்க வேண்டியது. தொம்மை சொன்னதில் ஒரே ஒரு தப்பு கண்டுபிடித்தாலும், அடுத்த வருஷத்திலிருந்து ருசிக்காரர் செபஸ்தியான்.

ருசியே தெரியாத நாக்கை வைத்துக்கொண்டு தொம்மை திருவிழாவுக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நின்று ஒரே ஒரு மன்றாட்டுதான் வைத்தார். “சூசையப்பரே, நாக்கைத் திருப்பிக் குடும். அது முடியாதுன்னா, செபஸ்தியான் நாக்கையும் எடுத்துக்கிரும்.”

இந்த வருஷ முறை சந்தியாகு வீட்டுக்கு. இரண்டே ஏக்கர் பந்தல். சந்தியாகு வாயில்லாப் பூச்சி. பழம் பறித்தது அவன், ஒயின் போட்டது அவன் பெண்சாதி அமலோற்பவம். மாமியார் போன பிறகு அவள் தனியாகப் போட்ட முதல் ஒயின். பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உயரமானவர்கள் தலையில் திராட்சைக் குலை இடித்தது. நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ருசிப்பரணி, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர்கள். அமலோற்பவம் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். பங்குச்சாமியாருக்கு உதவியாளான உபதேசியார் சவரிராயன் தீர்ப்பை எழுத நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். கோயிலில் கேட்டது, குளத்தங்கரையில் கேட்டது எல்லாவற்றையும் ஒரே மாதிரி விசுவசிக்கிற மனுஷர் அவர்.

தொம்மை தன் திட்டத்தோடுதான் வந்திருந்தார். குடிப்பதற்கு முன்னால் பேச வேண்டும். பேசிப் பேசி எல்லாரையும் கிறுகிறுக்க வைக்க வேண்டும். கிறுகிறுத்தவனுக்கு ஒயின் எப்படி இருந்தால் என்ன?

“ஏத்தா அமலோற்பவம்,” என்று ஆரம்பித்தார். “இந்தப் பழம் எங்க பறிச்சதுன்னு நீ எனக்குச் சொல்லவே வேண்டாம். எத்தனாவது கல்லுக்கால் கிட்டப் பறிச்சதுன்னு என் நாக்கு சொல்லும். குலைய வெட்டுனது வலது கையா இடது கையான்னு சொல்லும்.”

“வெட்டுனவக வீட்டுல அன்னைக்கு என்ன சண்டைன்னு சொல்லுமா மச்சான்?” என்றார் செபஸ்தியான்.

“சொல்லும். குடும்ப விசயம், வெளிய வர வேணாம்னு நான்தான் பல்லை வச்சு அடக்கிருக்கேன்.”

சந்தியாகு சட்டென்று பெண்சாதியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒரு கிசுகிசுப்பு ஓடியது. தொம்மைக்குத் தெம்பு வந்தது.

“ஒயினுன்னா இந்த வீட்டு ஒயினு. அதுவும் சந்தியாகு தாத்தா வியாகுலம் போட்டாரு பாரு, அது முரட்டு ஒயினு. ஊத்தி வச்ச நாலாம் நாளே பரணிக்குள்ள இருந்து உறும ஆரம்பிச்சிருச்சு. தெருவுல போற நாய்க வாலைச் சுருட்டிக்கிட்டு அடுத்த தெருவு வழியாப் போச்சுக. வியாகுலம் பயந்து போயி, பரணிய ரூமுக்குள்ள வச்சு வெளிய பூட்டு போட்டாரு.”

“போட்டு?”

“அது உள்ள இருந்து தாப்பாளைப் போட்டுக்கிருச்சு. மூணு நாளு வெளிய நின்னு கெஞ்சுனோம். கடைசியில பங்குச்சாமியாரு வந்து பேசுன பெறகுதான் தொறந்துச்சு.”

“சாமியாரு என்ன பேசுனாரு?” என்று உபதேசியார் கேட்டார். பேனா நோட்டுக்கு மேலே தயாராக நின்றது.

“அது ரெண்டு பேத்துக்கும் உள்ள விசயம். நாம கேக்கப்படாது.”

உபதேசியார் தலையாட்டிவிட்டு எதையோ எழுதினார்.

“அப்படித் தாப்பாள் தொறந்து வெளிய கொண்டாரையில, அதுல ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, வாய்க்கால்ல விழுந்துச்சு. வாய்க்கா தண்ணி போயி வயல்ல பாஞ்சுச்சு. அங்க வாத்து மேய்ச்சலுக்கு வந்திருந்துச்சு, அறுநூறு வாத்து. தண்ணிய ஒரு வாய் குடிச்சுதுக. அவ்வளவுதான். அறுநூறும் வரிசையா வரப்புல ஏறி நின்னு, கழுத்தத் தூக்கிக்கிட்டு, லத்தீன்ல பாட்டுப்பூசை வச்சுதுக.”

“வாத்துக்கு எங்கிட்டு மச்சான் லத்தீன் தெரியும்?”

“தெரியாதுல்ல? அதான் தப்புத் தப்பாப் பாடுச்சுக. பழைய உபதேசியாரு கண்ணீர் விட்டாரு. ‘பாடகர் குழுவை விட இதுக தேவலை’ன்னு.”

பாடகர் குழுக்காரர்கள் மூன்று பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

செபஸ்தியான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மச்சான், டம்ளரு காத்துக்கிட்டு இருக்கு.”

“டம்ளர் எங்க போகப்போகுது? வாத்தோட நின்னுச்சுன்னா நான் ஏன் இந்தக் கதையைச் சொல்றேன். அதே வாய்க்கா தண்ணிய மலையில இருந்து எறங்குன யானை ஒண்ணு குடிச்சிருச்சு. அதுக்கு முந்தி அந்த யானை பண்ணாத அட்டூழியம் கெடையாது. எத்தனை பந்தல், எத்தனை வாழை! குடிச்ச அடுத்த நிமிசம் அதுக்கு மனசாட்சி முழிச்சிருச்சு. விடுவிடுன்னு நடந்து குமுளி செக்போஸ்டுக்குப் போயி, லாரிக்குப் பின்னாடி வரிசையில நின்னு, முறை வந்ததும் ரெண்டு முன்னங்காலையும் சேத்து நீட்டுச்சு. வெலங்கு மாட்டுங்கன்னு.”

“மாட்டுனாகளா?”

“அந்த அளவுல வெலங்கு ஏது? எழுதி வாங்கிக்கிட்டு விட்டுட்டாக.”

“யானை கையெழுத்துப் போட்டுச்சா?”

“இதென்னப்பா பேச்சு, யானைக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?” தொம்மை செபஸ்தியானைப் பரிதாபமாகப் பார்த்தார். “ரேகைதான் வச்சுச்சு. அதுக்கே ஒரு மேசை முழுசும் மை தடவ வேண்டியதாப் போச்சு.”

பந்தல் குலுங்கியது. அமலோற்பவம்கூட முந்தானையை விட்டுவிட்டுச் சிரித்தாள். செபஸ்தியான் மட்டும் நாற்காலியை இன்னும் ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தொம்மைக்கு அது பிடிக்கவில்லை. கண்டக்டர் நாற்காலியை முன்னால் இழுக்கிறார் என்றால் முகத்தைப் பார்க்கப்போகிறார் என்று அர்த்தம். சரி, இன்னும் ஒரு கதை போட்டு மூடலாம் என்று நினைத்தார்.

“பெறகு அந்த ஒயினு சேதி கடல் தாண்டிப் போயி, பிரான்சு தேசத்துல இருந்து ஒரு துரை வந்தாரு. அங்க அவருக்கு வேலையே ஒயினு ருசி பாக்குறதுதான். வாய்ல ஊத்துவாரு, கொப்புளிப்பாரு, துப்புவாரு. எங்க வியாகுலம் சொன்னாரு, ‘தொரை, இதைத் துப்ப முடியாது. துப்புனா அது திரும்பி வந்து ஏன் துப்புனேன்னு கேக்கும்.’ சரின்னு அந்தாளு முழுங்கிட்டாரு. முழுங்குனதும் நரைச்ச தலை கறுத்துச்சு. தொப்பை உள்ள போச்சு. மூஞ்சியில சுருக்கம் நீங்கி பரு வந்துருச்சு. அம்பத்தஞ்சு வயசு ஆளு இருவது வயசுப் பையனா நிக்கிறாரு.”

“ஆண்டவரே!” என்றார் உபதேசியார்.

“அதுல என்ன சங்கடம்னா, பாஸ்போர்ட்டுல இருக்க படமும் மூஞ்சியும் ஒத்துப் போகல. ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டேனுட்டாக. கடைசியில பிரான்சுல இருந்து அவுக ஆத்தா வந்து ‘இது எம் புள்ளதான்’னு எழுதிக் குடுத்துக் கூட்டிட்டுப் போச்சு.”

செபஸ்தியான் மெதுவாகக் கேட்டார். “அந்த ஒயினை நீங்களும் குடிச்சீகளா மச்சான்?”

“குடிக்காம?”

“அப்ப உங்க தலை ஏன் பஞ்சு மாதிரி வெளுத்துக் கெடக்கு?”

 தொம்மை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“எனக்கு என்ன வயசுன்னு நெனச்ச? நூத்தி நாப்பது!”

கைத்தட்டலில் பந்தலில் இருந்த மைனாக்கள் பறந்துவிட்டன. ஆனால் கைத்தட்டல் எவ்வளவு நேரம் நிற்கும்? அது ஓய்ந்ததும் செபஸ்தியான் தானே எழுந்து, பரணியைச் சாய்த்து, ஒரு டம்ளரில் பாதி ஊற்றி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

தொம்மை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நிறம் கறுஞ்சிவப்பு, கண் நன்றாகத்தான் இருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. மூக்குக்குக் கொண்டுபோனார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது, ஒன்றுமே இல்லை. முப்பத்தொரு வருஷம், முப்பத்தொரு முதல் வாய். சூசையப்பரே என்று சொல்லிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினார்.

முதலில் ஈரம். வெறும் ஈரம்தான். போச்சு, இனி ஆயுசு பூராவும் மிக்ஸிதான் என்று நினைத்தார்.

அடுத்து தொண்டையில் சுரீர் என்றது.

சுரீர் என்பது ஏறியது, இறங்கியது, காதுக்குள் போய் நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கு நுனி வேர்த்தது. இரண்டு மாசமாக மரக்கட்டையாகக் கிடந்த வாய்க்குள் தீ மாதிரி ஒன்று ஓடுகிறது! தொம்மை இன்னொரு மடக்கு குடித்தார். மறுபடியும் சுரீர். ஐயோ, நாக்கு வந்துவிட்டது! சூசையப்பர் கேட்டுவிட்டார்! கண்ணில் வந்த தண்ணீரில் பாதி அந்தச் சுரீரில் வந்தது, மீதி சந்தோஷத்தில் வந்தது.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா?

“ஏத்தா!” என்று டம்ளரை உயர்த்தினார். “வியாகுலம் ஒயினு முரட்டு ஒயினுன்னு சொன்னேன்ல? அது இதுகிட்டக் கைகட்டி நிக்கணும். இது தொண்டைக்குள்ள எறங்கல, செருப்புப் போட்டு நடந்து போகுது! ஒவ்வொரு விலா எலும்பையும் தட்டி, ‘வீட்டுல யாரு’ன்னு கேக்குது. இப்ப முழங்கால் கிட்ட நிக்கிது. ஆங், கெண்டைக்கால். கட்டைவிரலுக்குப் போயி, நகத்த வெட்டிவிட்டுட்டுத் திரும்புது!”

“நெசமாவா மாமா?” என்றாள் அமலோற்பவம். 

“நெசமாவான்னு கேக்குறியே! இந்த டம்ளர மலைப் பக்கமாத் திருப்பிக் காட்டு, மலை ரெண்டடி தள்ளி நிக்கும். பெறகு கேரளாக்காரன் எல்லைக்கல்லைத் தேடிக்கிட்டு அலைவான். இதை வெளிநாட்டுக்கு அனுப்பினா கப்பல் வேணாம். இதுவே நீந்திப் போகும். உபதேசியாரே, எழுதும். தேறுச்சு! முப்பத்தொரு வருசத்துல இப்படி ஒரு ஒயினு என் நாக்குல பட்டது இல்ல. எழுதும், கொட்டை எழுத்துல எழுதும்!”

உபதேசியார் எழுதினார். எழுதின கையோடு ஆசை தாங்காமல் ஒரு டம்ளரை எடுத்து மடமடவென்று விழுங்கினார். விழுங்கியவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உண்மை! தொம்மை சொன்னது அத்தனையும் உண்மை! கட்டைவிரல் வரைக்கும் போகுது!” என்று கத்தினார்.

ஊரே திகைத்துப் போனது. தொம்மை சொன்ன ஒரு வார்த்தைக்குச் சாட்சி கிடைப்பது அதுதான் முதல் தடவை. தொம்மையே கொஞ்சம் திகைத்துத்தான் போனார். அப்படியென்றால் யானைக் கதையும் நடந்திருக்குமோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் தட்டியது. இரண்டு மூன்று பேர் டம்ளரை நோக்கிப் பாய்ந்தார்கள். அவர்களும் குடித்தார்கள், இருமினார்கள், தும்மினார்கள். ஆனால் இருமல் நின்ற பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு டம்ளரை முகர்ந்தார்கள். உபதேசியார்கூட, மீசையைத் துடைத்த விரலை மூக்கருகே கொண்டுபோய், நெற்றியைச் சுருக்கினார்.

செபஸ்தியான் கடைசியாகக் குடித்தார். ஒரே ஒரு சின்ன வாய். இருமவில்லை. வாய்க்குள்ளேயே வைத்து ஒரு தடவை புரட்டினார். விழுங்கினார். டம்ளரைக் கீழே வைத்தார். தொம்மை பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“ஏத்தா அமலோற்பவம்,” என்றார் மெதுவாக, அன்பாக. “இது எந்தப் பரணித்தா?”

அமலோற்பவத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ருசிப்பரணி கைதவறி விழுந்து ஒடஞ்சு போச்சுண்ணே. சாறு ஊத்த வேண்டிய அன்னைக்குன்னு பாத்து. அவசரத்துக்கு வேற கெடைக்கல. ஊறுகா போட்டு வச்சிருந்த பரணிய எடுத்து, சாம்பலும் புளியும் போட்டு மூணு தடவ தேச்சு, மூணு நாளு வெயில்ல காய வச்சுத்தான் ஊத்துனேன். பரணி எண்ணெயையும் மொளகாப் பொடியையும் குடிச்சு வச்சிருக்கும்னு எனக்குத் தோணலண்ணே. ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். ருசிக்காரருக்கு முந்தி நாங்க வாய் வைக்கப்படாதுன்னு முறை இருக்கே… பெரிய பரணி ரெண்டும் சத்தியமாப் புதுசு. அதுல ஒரு குத்தமும் இல்ல.”

“அது நல்லாத்தான்த்தா இருக்கும். நீ அழுவாத,” என்றார் செபஸ்தியான். பிறகுதான் தொம்மையைப் பார்த்தார். ஊரும் பார்த்தது.

தொம்மைக்கு அப்போதுதான் புரிந்தது. நாக்கு வரவில்லை. சூசையப்பர் கேட்கவில்லை. சுரீர் என்று ஓடியது மிளகாய்ப் பொடி. ருசி தெரியாதவனுக்கும் மிளகாய் எரியும் என்பது அவருக்குத் தோன்றாமல் போய்விட்டது. எதிரே நோட்டில், கொட்டை எழுத்தில், “தேறுச்சு” என்று இருந்தது.

ஆனால் தொம்மையைச் சும்மா சொல்லக் கூடாது. அடுத்த மூச்சில் எழுந்துவிட்டார்.

“ஊறுகான்னு இப்பத்தான் தெரியுமாக்கும் உங்களுக்கு? நான் மொத வாயிலயே கண்டுபிடிச்சிட்டேன்! சின்னப் பொண்ணு, மொத மொதலாப் போட்ட ஒயினு, நாலு பேரு முன்னாடி மனசு நோகுமேன்னு, முரட்டு ஒயினு அது இதுன்னு சொல்லி மூடி மறைச்சேன். அதை இந்தக் கண்டக்டரு வந்து போட்டு ஒடைக்கிறாரு. இதுக்குப் பேரு எஃப்.சி.யா?”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. “அட, பெரிய மனுசன்தான்ப்பா” என்று பின்வரிசையில் யாரோ சொல்வது கேட்டது. அமலோற்பவம் நன்றியோடு கைகூப்பினாள். தொம்மை பிழைத்துக்கொண்டார் என்றே தோன்றியது.

செபஸ்தியான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் துளியும் இல்லை.

“அப்படியா மச்சான். எனக்குத் தெரியாமப் போச்சே. என்ன ஊறுகா மச்சான் அது?”

“இதென்ன கேள்வி,” என்றார் தொம்மை. அந்த ஊரில் எலுமிச்சை மரம் இல்லாத வீடு இல்லை. “எலுமிச்சங்கா.”

உபதேசியார் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். செபஸ்தியான் தன் செருப்புக் காலை எடுத்து அவர் பாதத்தின் மேல் வைத்தார்.

“எந்த மரத்துக் காய்னு தெரியுமா மச்சான்?”

“தெரியாம? கோயிலுக்குப் பின்னால நிக்கிற மரம். அதுலயும் தெக்குப் பாத்த கெளை. காய் பறிச்சது வெள்ளிக்கிழமை.”

“ஆகா. உப்பு?”

“தூத்துக்குடி உப்பு. எந்தப் பாத்தின்னு சொல்லவா? கடல்ல இருந்து ரெண்டாவது பாத்தி. உப்பு வாரின ஆளுக்கு அன்னைக்குச் சளி புடிச்சிருந்துச்சு.”

“கத்தி?”

“கத்தி புதுசு, சாணை புடிக்காதது. எட்டுத் துண்டாப் போட வேண்டிய காயை ஆறு துண்டாப் போட்ருக்காக. ஊறப் போட்டு நாலாம் நாளு குலுக்க மறந்துட்டாக; அஞ்சாம் நாளு ஞாபகம் வந்து ரெண்டு தடவ குலுக்கிருக்காக. அந்த எலுமிச்சங்காய்ல மொத்தம் எத்தனை கொட்டை இருந்துச்சுன்னு கூட நாக்குல நிக்கிது. நூத்திப் பதினேழு. அதுல ஒண்ணு சொத்தை.” தொம்மை மூச்சு வாங்கிக்கொண்டு, நாக்கை ஊருக்கே நீட்டிக் காட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். “இப்பச் சொல்லுங்கய்யா. இந்த நாக்குல ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு, யாராச்சும் சொல்லுங்க பாப்போம்!”

 குடித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் குனிந்து தங்கள் விரலை முகர்ந்துகொண்டிருந்தார்கள். தொம்மை வெற்றியோடு செபஸ்தியானைப் பார்த்தார். செபஸ்தியான் அமலோற்பவத்தைப் பார்த்தார்.

“சொல்லுத்தா.”

அமலோற்பவம் தயங்கினாள். இவ்வளவு நல்ல மனுஷரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சந்தியாகு கண்ணைக் காட்டினான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொம்மையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அது மீன் ஊறுகா மாமா. மத்தி மீனு.”